ராமன் அப்போது மன்னனே இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமனால் சாபம் நீங்கிய அகலிகை, சீதை தீக்குளித்ததைக் கேட்டு மறுபடி கல்லாகிவிடும் புதுமைப்பித்தனின் சிறுகதை 'சாபவிமோசனம்' பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கதை ராமனைக் கணவனாக மட்டும் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது, அரசனுக்குள்ள நிர்ப்பந்தத்தைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே தரவில்லை என்பது கட்டுரையாளரின் வாதம். கல்லூரியில் பல வருஷம் இந்தக் கதையை நடத்தியவள் நான். இதே வாதம் வகுப்பிலும் எழும், பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து. அதனால் சும்மா இருக்க முடியவில்லை.

சீதை தீக்குளித்தது இலங்கையில். ராமனுக்கு அப்போது முடிசூட்டியிருக்கவில்லை. அரியணையில் இருந்தது பாதுகை. நந்திகிராமத்திலிருந்து ஆட்சியைப் பார்த்துக்கொண்டது பரதன். சரி, வரப்போகும் அரசன் என்றே வைத்துக்கொள்வோம். எந்தக் குடிமக்களின் சந்தேகத்தைத் தீர்க்க அந்தத் தீ? சுற்றி நின்றவர்கள் வானரர்களும் அரக்கர்களும். அயோத்திக்காரன் என்று பார்த்தால் லட்சுமணன் ஒருவன்தான். அண்ணியின் மேல் அவனுக்கு ஏது சந்தேகம்? மூவுலகும் நம்ப வேண்டும் என்பதற்காகவே இப்படி நடந்துகொண்டேன் என்று வால்மீகியின் ராமன் அக்கினி தேவனிடம் சொல்கிறான், உண்மைதான். ஆனால் ஊர்ப்பேச்சுக்காகக் கர்ப்பிணி மனைவியைக் காட்டுக்கு அனுப்புவது உத்தர காண்டத்தில். அரச நிர்ப்பந்தம் என்று வாதாட அங்கேதான் கொஞ்சமாவது இடமுண்டு. அந்தக் காண்டத்தின் நியாயத்தைக் கட்டுரையாளர் முன்கூட்டியே எடுத்துவந்து இலங்கைக்குப் பொருத்துகிறார். 1943இல் கலைமகளில் வந்த இந்தக் கதையோ, அதெல்லாம் நடப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

இதைக்கூட விட்டுவிடலாம். கைகேயி வரும் பகுதியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அரசியலும் குடும்பமும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் இடம் அதுதான். மகனுக்காக நாட்டைக் கேட்டவள் அவள். தாய் செய்ய வேண்டியதைச் செய்ததாகத்தான் நினைத்திருப்பாள். பதினான்கு ஆண்டுகள் கழித்து, ராமன் வரக் காணோம் என்று அந்த மகனே தீயில் இறங்கத் தயாராகிறான். கம்பனில் இது மீட்சிப் படலத்தில் வருகிறது. அங்கே ஓடிவந்து பரதனைத் தடுப்பவள் கோசலை. 'எண்ணில் கோடி இராமர்கள்' என்று அவள் சொல்வது பட்டிமன்ற மேடைகளில் தேய்ந்துபோன அளவுக்குப் பிரபலம். புதுமைப்பித்தன் கோசலையைக் கூப்பிடவில்லை. கைகேயியைச் சரயு நதிக்கரையில், பரிவாரம் ஏதும் இல்லாமல், அகலிகையிடம் கொண்டுவந்து நிறுத்துகிறார். பெற்ற பிள்ளையிடம் அவள் பேச்சு எடுபடாது. தானும் தீயில் விழப்போவதாகச் சொல்கிறாள். ஆனால் தனியாக, யாருக்கும் தெரியாமல். மகன் ஊரறியச் சாகலாம், அது தர்மம். அவளுக்கு அந்த உரிமைகூடக் கிடையாது.

பரதனையும் கொஞ்சம் பாருங்கள். நாட்டை நினைத்தால் அவன் சாகவே கூடாது. பதினான்கு வருஷம் ஆண்டவன் திடீரென்று போய்விட்டால் அயோத்தியின் கதி என்ன? அவனுக்கு அண்ணனுக்குக் கொடுத்த வாக்குதான் பெரிது. தம்பியாக நடந்துகொள்கிறான்; மகனாக நடந்துகொள்ளவில்லை. அரசு ஒரு தட்டு, குடும்பம் ஒரு தட்டு என்று கட்டுரையாளர் பிடிக்கும் தராசில் இவனை எந்தத் தட்டில் வைப்பது? மனைவியைவிட உலகம் பெரிது என்றான் அண்ணன். நாட்டைவிட அண்ணன் பெரிது என்றான் தம்பி. இரண்டுக்கும் பெயர் தர்மம்தான். பரதன் மூட்டிய தீயை அணைக்க அனுமன் வந்து சேர்ந்துவிட்டான். சீதை இறங்கிய தீயின் அருகிலும் அதே அனுமன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

ராமனுக்குப் பேச வாய்ப்பில்லை என்ற குறைக்கு வருகிறேன். அவன் கட்சி கதையில் சொல்லப்படாமல் இல்லை. சொல்வது சீதை. ராமன் அகலிகையின் கணவன் கோதமனோடு வெளியே போயிருக்கும்போது, அகலிகையிடம் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அவர் கேட்டாரா என்று அகலிகை பதறுகிறாள். உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்று சீதை சிரிக்கிறாள். வால்மீகியின் ராமன் சொன்ன அதே காரணம், தீக்குள் போய்வந்தவளின் வாயிலிருந்து வருகிறது. அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் என் மாணவிகளுக்குள்ளேயே சண்டை வரும். சமாதானமா, கசப்பா, இனி இதைப் பற்றிக் கேட்காதே என்பதா? எனக்குக் கசப்பாகத்தான் படுகிறது. உள்ளத்துக்குத் தெரிந்தால் போதாதா என்று அகலிகை கேட்பதற்கு, அரசியல் நிர்ப்பந்தம் பேசுகிறவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. கட்டுரையாளரும் சொல்லவில்லை.

ஒரு வேண்டுகோள். இடமிருந்தால் அடுத்த இதழில் அந்தக் கைகேயி பகுதியையும், கம்பனில் கோசலை பரதனைத் தடுக்கும் பாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள். கட்டுரையாளரும் அவற்றைப் படித்துவிட்டு மறுபடி எழுதட்டும். ராமன் பக்கமே நின்று எழுதினாலும் சரி, படிக்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை