ஆடும் நிலத்தில் இருக்கும் மகனுக்கு

அன்பு மகனுக்கு,

நியூசிலாந்தில், வெலிங்டனில் இரவு பூமியதிர்ச்சியில் கட்டில் ஆடியதாகச் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், எனக்கோ அன்றிரவு நித்திரை வரவில்லை. விடிந்ததும் இங்கே திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போய், இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் நின்றேன். கீழே கடல் எவ்வளவு அடித்தாலும் அந்தப் பாறை அசையாது. பூமியின் மேலோடு மெல்ல நகரும் பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது; அதில் எங்களைச் சுமக்கும் இந்தியத் தட்டின் விளிம்புகளிலிருந்து நாங்கள் தள்ளி இருப்பதால் வந்த அமைதி அது. நீ இருப்பதோ பசிபிக் தட்டும் அவுஸ்திரேலியத் தட்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்.

நீ கிரிக்கெட் பார்க்கப் போகும் பேசின் ரிசேர்வ் மைதானம் முன்பு ஒரு குளம். கால்வாய் வெட்டி அதைத் துறைமுகத்தோடு இணைத்து, கப்பல் நிறுத்த நினைத்திருந்தார்கள். 1855 ஜனவரியில் ஓர் இரவு வந்த பூமியதிர்ச்சி நிலத்தை ஒரு மீற்றருக்கு மேல் தூக்கிவிட்டது. குளம் சதுப்பாகிப் போனது. அப்புறம் தண்ணீரை வடித்து மைதானமாக்கினார்கள். 2015இல் சங்கக்கார 203 ஓட்டங்கள் அடித்தது அந்த நிலத்தில்தான்!

இமயமலையும் இப்படி எழுந்ததுதான். எங்கள் தட்டு ஆசியாவை முட்டத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி வருடம். இன்னமும் வருடத்துக்குச் சில செண்டிமீற்றர், நகம் வளரும் வேகத்தில், தள்ளிக்கொண்டே இருக்கிறது. எவரெஸ்ட் உச்சிப் பாறையில் பழைய கடலுயிர்களின் எச்சம் இருக்கிறது.

இங்குள்ள அமைதியை நம்பித்தான் 2004இல் ஏமாந்தோம். சுமாத்திராப் பக்கம் எங்கள் தட்டு பர்மாத் தட்டுக்குக் கீழே நுழைகிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த அந்த இடம் 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஒரேயடியாக விலகியது. கடலடி எழும்ப, தண்ணீரும் எழும்பியது. எங்கள் வீட்டில் ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட ஆடவில்லை. சுமார் இரண்டு மணித்தியாலத்தில் கடல் ஊருக்குள் வந்துவிட்டது. உனக்கு அப்போது ஐந்து வயது. தோளில் தூக்கிக்கொண்டு ஓடும்போது, "அப்பா, கடல் ஏன் வருகுது?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன்.

எங்களுக்குக் கிடைக்காத எச்சரிக்கையை உனக்கு நிலமே தரும். ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நிற்கவே முடியாதபடி பலமாக இருந்தால், சைரனுக்குக் காத்திராமல் கரையை விட்டு மேட்டுக்கு ஏறு. ஆடும்போது மேசைக்கடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள். புத்தக அலுமாரியைச் சுவரோடு இறுக்கிவிட்டாயா? அம்மா மூன்று தரம் கேட்டுவிட்டா. இறுக்கியதும் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா