தேடல் கருவிக்கு விளக்கம் எழுதுகிறவர்களுக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மடல்

நெல்லைச் சீமையின் பழைய நூல்களையும் ஆவணங்களையும் ஏஐ முகவர்கள் (நம் சார்பில் கருவிகளை இயக்கி வேலை முடிக்கும் நிரல்கள்) தேடி எடுக்க ஒரு கருவி செய்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

வணக்கம். கருவி நன்றாக ஓடுகிறது, அதில் எனக்குக் குறையில்லை. அதன் தலைமாட்டில் நீங்கள் வைத்திருக்கும் விளக்கக் குறிப்பு பற்றித்தான் இந்த மடல். "குறிப்புதவி நூலகத்தில் தேடும்" என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அப்புறம் மாவட்டம், ஆண்டு, சொல் என்று மூன்று கட்டங்கள். குறிப்புதவிப் பிரிவில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இது போதாது.

ஒரு மாணவர் எங்கள் மேசைக்கு வந்தால் அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றுவார், பிடிபடாவிட்டால் "அண்ணாச்சி, இது எங்க இருக்கும்?" என்று கேட்பார். முகவர் யாரைக் கேட்கும்? கருவியின் பெயர், விளக்கம், நிரப்ப வேண்டிய கட்டங்கள், இவ்வளவுதான் அதற்குக் கிடைக்கிறது. 2024 நவம்பரில் ஏஐ மாடல்களோடு கருவிகளை இணைப்பதற்கான எம்சிபி என்ற பொது நெறிமுறை வந்த பிறகு கருவியை மாட்டிவிடுவது சுலபமாகிவிட்டது. ஆனாலும் எப்போது கூப்பிடுவது, எந்தக் கட்டத்தில் எதைப் போடுவது என்பதை முகவரை இயக்கும் மாடல் நீங்கள் எழுதிய வரிகளைப் படித்துத்தான் முடிவு செய்கிறது.

ஒரு தேடலை அருகிலிருந்து பார்த்தேன். பாஞ்சாலங்குறிச்சிப் போர் பற்றி ஒரு கல்லூரி மாணவி கேட்டார். முகவர் மாவட்டத்தில் "தூத்துக்குடி" என்று போட்டது, ஆண்டில் 1799. விடை பூஜ்யம். உடனே, "இந்த நூலகத்தில் இதுபற்றி எதுவும் இல்லை" என்று அடித்துச் சொல்லிவிட்டது. கால்டுவெல்லின் 1881ஆம் ஆண்டுத் திருநெல்வேலி வரலாறும் எச். ஆர். பேட் தொகுத்த 1917 மாவட்டக் கெசட்டியரும் உங்கள் தொகுப்பிலேயே இருக்கின்றன!

முகவரைத் திட்டிப் பயனில்லை. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். தென்காசி பிரிந்தது 2019இல். அதற்கு முந்தைய நூல்களில் பாஞ்சாலங்குறிச்சியும் நெற்கட்டும்செவலும் திருநெல்வேலிக்குள்தான் கிடக்கும். மறுபக்கமும் உண்டு: 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலியில் இருந்தது. மாவட்டக் கட்டம் இன்றைய எல்லையா, நூல் எழுதப்பட்ட காலத்து எல்லையா என்று ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பெண் வெறுங்கையோடு போயிருக்க மாட்டார். ஆண்டுக் கட்டமும் அப்படியே. நூல் வெளிவந்த ஆண்டா, நூல் பேசும் ஆண்டா? நான் சோதித்த வரையில் வெளிவந்த ஆண்டு. 1799 என்று போட்டால் எது வரும்?

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பூஜ்யத்தின் பொருள். தொகுப்பில் இல்லை, இருக்கிறது ஆனால் ஸ்கேன் ஆகவில்லை, ஸ்கேன் ஆகியும் எழுத்துணரி (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) தப்பாகப் படித்திருக்கிறது, சர்வர் படுத்துவிட்டது. இந்த நான்குக்கும் உங்கள் கருவி ஒரே வெற்றுப் பட்டியலைத்தான் நீட்டுகிறது. நூலகர் ஒருவர் இப்படிப் பதில் சொன்னால் வாசகர் சும்மா விடுவாரா? நான்கையும் பிரித்துச் சொல்லுங்கள். "எதுவும் கிடைக்காவிட்டால் ஊரின் பழைய பெயரால் மறுபடி தேடு, அதன் பிறகும் கிடைக்காவிட்டால், தேடலில் அகப்படவில்லை என்று மட்டும் சொல்" என்பதையும் விளக்கத்திலேயே எழுதுங்கள். எது இல்லை என்பதையும் மறைக்க வேண்டாம். நாளிதழ்கள் சேர்க்கப்படவில்லை என்றால் அது முதல் பத்தியிலேயே வரவேண்டும்.

பெயர்ச் சிக்கல் உங்களுக்கும் தெரிந்ததுதான். டின்னவெல்லி, பாலம்கோட்டா, டூட்டிகோரின் என்று ஆங்கில நூல்கள் அச்சிட்டதையெல்லாம் கருவி தானாகச் சேர்த்துப் பார்க்கிறதா என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. பாளையங்கோட்டையில் வரும் "கோ"வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம். ஏகாரக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், ஒருசீராக்காத கருவிக்கு வேறு வேறு. இதை விளக்கத்தில் எழுதி முகவர் தலையில் கட்டாதீர்கள், கருவிக்குள்ளேயே சரிசெய்யுங்கள்.

சரி, எல்லாவற்றையும் எழுதினால் பத்துப் பக்கம் ஆகிவிடுமே என்பீர்கள். ஆகக் கூடாது. விளக்கம் நீண்டால் மாடல் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய சூழலில் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும். "சக்திவாய்ந்த", "நவீன" போன்ற அலங்காரத்தை வெட்டினாலே பாதி இடம் மிஞ்சும். கட்டத்துக்கு ஒரு வரி, ஓர் எடுத்துக்காட்டு. மற்றதைப் பிழைச் செய்தியில் வைக்கலாம்: ஆண்டுக் கட்டத்தில் "1908-09" என்று வந்தால் "தவறான உள்ளீடு" என்று முகத்திலடிக்காமல், "ஆண்டை நான்கு இலக்கத்தில் தரவும், இரண்டு ஆண்டென்றால் இரண்டு தடவை தேடவும்" என்று சொன்னால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

விளக்கத்தை உங்களில் ஒருவரும் குறிப்புதவி மேசையில் இருந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது என் கோரிக்கை. வாசகர்கள் கேட்ட கேள்விகளை நான் குறித்துவைத்த நோட்டு இருக்கிறது. மணியாச்சி, ஆதிச்சநல்லூர், தாமிரபரணி அணைக்கட்டுகள் என்று அதில் எல்லாம் உண்டு. அடுத்த பதிப்பை வெளியிடுவதற்கு முன் அந்தக் கேள்விகளை முகவரிடம் கொடுத்து, அது எந்தக் கட்டத்தில் எதைப் போடுகிறது என்று பாருங்கள். நோட்டைத் தர நான் தயார். எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குறிப்புதவி நூலகர்,
பாளையங்கோட்டை