ஞாயிறு பைக் பந்தயம்: மழை பெய்தாலும் உண்டு

எல்லாருக்கும் வணக்கம். சாயல்குடிப் பக்கம் நடக்கும் நம் மண்பாதைப் பந்தயத்தை மழைக்காகவோ சேற்றுக்காகவோ நிறுத்தப் போவதில்லை. பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் கூண்டு ஏறினால் மட்டும் தள்ளிவைப்போம். இடி கேட்டால் உடனே சிவப்புக் கொடி. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி வண்டி கிளம்பும். அதுவரை பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள், வேனுக்குள் வந்துவிடுங்கள்.

கண்மாய்க் கரையைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டோம். தம்பிகள் சிலருக்கு வருத்தம்தான், ஏற்றமும் இறக்கமுமாக அருமையான இடம் அது. ஆனால் நனைந்த கரையில் சக்கரம் பதிந்த தடத்தில்தான் தண்ணீர் அரிக்கத் தொடங்கும். கரை உடைந்தால் அந்த ஊர் நெல்லுக்கு யார் தண்ணீர் கொடுப்பது? வானம் வெளுத்தாலும் இந்த முடிவு மாறாது.

டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து வாருங்கள், சேற்றில் பிடிப்பு கிடைக்கும். ரொம்பக் குறைத்தால் ரிம் அடித்து ட்யூப் கிழியும். சீமைக்கருவேல முள் சேற்றுக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. மாற்று ட்யூப் கட்டாயம்.

கொடி பிடிக்கும் பிள்ளைகள் நமக்காகக் காலை முழுக்க நனையப் போகிறார்கள். வீட்டில் கூடுதலாக மழைக்கோட்டு இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். வராதவர்கள் சனிக்கிழமை மதியத்துக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.