ஒரே ஊர்ப்பெயரை மூன்று தடவை சேர்க்கிறேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ்த் தட்டச்சுதான் என் தொழில். ஆவணம் எழுதும் லிப்ரே ஆபீஸ் நிரலில் 'உளுந்தூர்ப்பேட்டை' என்று அடித்தேன், கீழே சிவப்புக் கோடு நெளிந்தது, சரி என்று அகராதியில் சேர்த்துவிட்டேன். அதே பெயரைத் தண்டர்பேர்டில் மின்னஞ்சலாக எழுதினால் மறுபடி சிவப்பு, பயர்பாக்ஸ் உலாவியில் ஒரு படிவத்தில் நிரப்பினால் அங்கேயும் சிவப்பு. போன வருடம் கணினியை மாற்றியபோது கோப்புகளை எல்லாம் எடுத்து வைத்தேன். நான்கு வருடமாகச் சேர்த்த சொற்கள் எங்கோ ஓர் ஒளிந்த கோப்புறையில் இருந்தது தெரியாமல் அத்தனையும் போய்விட்டன.

இத்தனைக்கும் இந்த மூன்றுக்குள்ளும் ஓடுவது ஹன்ஸ்பெல் என்ற ஒரே பிழைதிருத்திதான். லாஸ்லோ நேமெத் என்பவர் முதலில் ஹங்கேரிய மொழிக்காக எழுதியது. அந்த மொழியிலும் நம்மைப் போலவே சொல்லோடு ஒட்டு, அதன்மேல் இன்னொரு ஒட்டு என்று சேர்ந்துகொண்டே போகும். 'வீடு' என்று ஒரு கோப்பில் எழுதி, அது வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து என்று மாறும் விதத்தை இன்னொரு கோப்பில் விதியாகக் கொடுத்தால் அதுவே சரிபார்த்துக்கொள்ளும். தமிழில் எல்லா வடிவங்களையும் பட்டியல் போட்டு மாளாது, அதனால் இந்த விதிக் கோப்பைச் செப்பனிடுவதுதான் உண்மையான உழைப்பு, அந்த உழைப்பு ஓரிடத்தில் நடந்து எல்லா நிரலுக்கும் போய்ச் சேர வேண்டும்.

லினக்ஸ் இயங்குதள வகைகளான டெபியன், உபுண்டுவில் பாதி வேலை முடிந்திருக்கிறது. அகராதிகள் ஒரே பொதுக் கோப்புறையில் இருக்கின்றன, லிப்ரே ஆபீஸும் பயர்பாக்ஸும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. விண்டோஸில் அப்படி இல்லை, பயர்பாக்ஸுக்குத் தனி நீட்சி (கூடுதலாக நிறுவும் துணை நிரல்), லிப்ரே ஆபீஸுக்குத் தனி நீட்சி. ஆனால் நாம் சேர்க்கும் சொந்தச் சொற்கள் லினக்ஸிலும் தனித்தனிதான், அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். என்சாண்ட் என்று ஒரு நிரல் நூலகம், அதாவது பல நிரல்கள் பிழைதிருத்தத்துக்குப் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் தொகுப்பு, இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நிரல்கள் ஒரே சொந்தப் பட்டியலைப் பகிர்ந்துகொள்ளலாம். மற்ற நிரல்களும் அந்தப் பட்டியலைப் படித்தால் போதும், புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். தினமும் நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் பிழையில்லாமல் அச்சிடுகிறீர்கள். அந்த ஊர்ப்பெயர்களை மட்டுமாவது ஒரு சாதாரண உரைக்கோப்பில், யாரும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிடுங்கள். பொது அகராதியில் சேர்க்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிற வேலையை நானே செய்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தட்டச்சர், விழுப்புரம்