மாதம் ஒரு வர்த்தமானி: பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

2011 ஆகஸ்ட்டில் இலங்கையில் அவசரகாலச் சட்டம் முடிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்ட கையோடு இன்னொரு தாள் வரத் தொடங்கியது. பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ் பொது ஒழுங்கைக் காக்க முப்படையினரையும் அழைக்கும் அதிவிசேட வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவித்தல். நாட்டின் 25 மாவட்டங்களும் அதில் வரிசையாக இருக்கும். ஆயுள் ஒரு மாதம். முடிந்ததும் அடுத்தது. இடையில் சில காலம் நின்று, 2019இல் திரும்பி வந்தது. ஜனாதிபதிகள் மாறினார்கள், வாசகம் மாறவில்லை.

அந்தப் பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். ‘ஒரு பிரதேசத்தில்’ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து நேர்ந்து, அதைச் சமாளிக்கப் பொலிஸார் போதாது என்று ஜனாதிபதி கருதினால் படையை அழைக்கலாம் என்கிறது. சரி, மன்னாரிலும் மாத்தறையிலும் நுவரெலியாவிலும் ஒரே நாளில் பொலிஸார் போதாமல் போனது எப்படி? அவசரகாலப் பிரகடனமென்றால் 14 நாட்களுக்குள் உங்கள் அங்கீகாரம் வேண்டும். இதற்கு அந்தத் தொல்லைகூட இல்லை.

வெள்ளம் வந்தால் படகோடு முதலில் வருவது இராணுவம்தான், மறுக்கவில்லை. அதற்கு மண்வெட்டி போதும். துப்பாக்கியோடு சந்தியில் நிற்பது வேறு விஷயம்.

2013 ஆகஸ்ட் 1, வெலிவேரிய, ரத்துபஸ்வல. தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது, நல்ல தண்ணீர் தாருங்கள் என்று ஊர்ச்சனம் வீதிக்கு வந்தது. இராணுவம் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள், பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகள் உட்பட. உயிருக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஓடியவர்களையும் படையினர் விடவில்லை. வடக்கு கிழக்கில் எங்களுக்குப் பழகிப்போன காட்சி அன்று சிங்களவர் பெரும்பான்மையாக வாழும் கம்பஹாவில் நடந்தது. (அங்கேயுமா என்று நாங்கள் கேட்டோம். அப்படிக் கேட்க நேர்ந்ததே வெட்கம்.)

2022 மே 10 உங்களுக்கு நினைவிருக்கும். பொதுச் சொத்தைக் கொள்ளையிடுபவர்களைக் கண்டதும் சுடும்படி பாதுகாப்பு அமைச்சு படையினருக்கு உத்தரவிட்டது. அதற்கு முதல் நாள் அன்றைய உறுப்பினர்கள் பலரின் வீடுகள் எரிந்தன, அவர்களின் சகா ஒருவர் கொல்லப்பட்டார். அந்தப் பயம் புரிகிறது. ஆனாலும் நீதிமன்றக் கட்டளையின்றி எவருக்கும் மரண தண்டனை இல்லை என்று அரசியலமைப்பின் 13(4) சொல்கிறதே. தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுபவனுக்கு மட்டும் அது பொருந்தாதா?

சுட்ட பிறகு கேள்வி கேட்கவும் வழி வேண்டும். 1983இல் வந்த அவசரகால ஒழுங்குவிதி 15அ, மரண விசாரணை இல்லாமலே உடலைப் புதைக்கவோ எரிக்கவோ அனுமதித்தது. அது எங்கள் வீடுகளில் இன்னும் ஆறாத புண்.

நாங்கள் கேட்பது பெரிதல்ல. 12ஆம் பிரிவின்கீழ் வரும் ஒவ்வொரு அழைப்பும் எந்த இடம், என்ன காரணம் என்பதோடு சபைக்கு வாக்கெடுப்புக்கு வரட்டும். இன்னொரு உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே படையினர் சுடலாம் என்பதைச் சட்டத்திலேயே எழுதுங்கள், சுற்றறிக்கையில் வேண்டாம். சூட்டில் எவர் இறந்தாலும் நீதவான் விசாரணை கட்டாயமாகட்டும்.

திருத்தம் வரக் காலமெடுக்கும் என்பீர்கள். எடுக்கட்டும். அதுவரை, அடுத்த வர்த்தமானி சபைக்கு அறிவிக்கப்படும்போது உங்களில் ஒருவராவது எழுந்து கேளுங்கள்: என் மாவட்டத்தில் பொலிஸாருக்கு என்ன குறை?

இப்படிக்கு,
வடக்கிலிருந்து ஒரு வாக்காளர்