நீ பாடி அனுப்பிய பாட்டு

அன்புள்ள மலருக்கு,

பணம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டப்ளின் குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே.

ஆஸ்பத்திரி கிறிஸ்துமஸ் விருந்தில் நீ பாடியதை, அதுதான் 'வென் ஐரிஷ் ஐஸ் ஆர் ஸ்மைலிங்', ஏழெட்டுத் தடவை கேட்டுவிட்டேன். இரண்டாவது அடியில் உனக்கு மூச்சு வாங்குகிறது. உடனே ஒரு ஆண் குரல் வந்து பிடித்துக்கொள்கிறது. நல்ல குரல்தான்.

அந்த ஊர்ப் பாட்டு என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாகத் தேடிப் படித்தேன். அது அயர்லாந்தில் பிறக்கவே இல்லை, அம்மாடி. 1912-இல் அமெரிக்காவில் ஒரு மேடை நாடகத்துக்காகக் கட்டினது. மெட்டுப் போட்ட எர்னஸ்ட் பால் கிளீவ்லாந்துக்காரர். வரியில் பங்கு கொண்டு மேடையிலும் பாடிய சான்சி ஓல்காட் பஃபலோவில் பிறந்தவர். இரண்டும் அமெரிக்க ஊர்கள். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஊர் ஏக்கத்தில் காசு கொடுத்து வாங்கினார்கள். ஐரிஷ் பாட்டு என்று பேர் வாங்கிய இன்னொன்று, 1913-இல் வந்த 'டேனி பாய்'. அதன் வரிகளும் ஓர் ஆங்கிலேய வக்கீல் எழுதியவை. ஐரிஷ் மெட்டு அவருக்குக் கிடைத்தது அமெரிக்காவில் கொலராடோவில் இருந்த சகோதரன் மனைவி மூலம். பாட்டில் எல்லாம் தேனாகத்தான் இருக்கும். அதை நம்பி ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.

மூன்று ஞாயிறாக உன் முகத்தைப் பார்க்கவில்லை. மாடி கட்டி முடித்தது உன் சம்பளத்தில்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் பேச நேரமில்லை உனக்கு.

எங்கோ இருந்துகொண்டு அயர்லாந்தைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அக்கா விஷயத்தில் அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. அவன் வாசல்வரை வந்தான். நான் உள்ளே ஈஸிசேரில் உட்கார்ந்துகொண்டு, 'அப்பா இல்லை' என்று சொல்லச் சொன்னேன். போய்ச் சொன்னது நீ. உனக்குப் பதினோரு வயது. திரும்பி வந்து என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை. அக்கா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் குரல் யாருடையது என்று அம்மா கேட்கிறாள். அடுத்த தடவை பாதியில் நிறுத்தாமல் முழுப் பாட்டையும் சேர்ந்தே பாடி அனுப்புங்கள். காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா