ரேகைச் சட்டமும் உன் ஸ்டேட்டஸும்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். போனில் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசுறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் ஸ்டேட்டஸைப் பார்த்தேன். "எங்க ரத்தமே வேற" என்று போட்டு, பின்னால் ஒரு சிங்கம், ஓர் அரிவாள். நம் வீட்டில் முதல் இன்ஜினியர் என்று டீக்கடையில்கூட உன் பெருமையைப் பேசித் திரிகிறவன் நான். உனக்கு எதற்கப்பா அந்தச் சிங்கம்?

இந்த ரத்தப் பேச்சை உனக்கு முன்னாலேயே வெள்ளைக்காரன் பேசிவிட்டான். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் (நம் ஊரில் ரேகைச் சட்டம்) கொண்டுவந்தபோது அவர்கள் வைத்த வாதமே அதுதான்: இந்த நாட்டில் தகப்பன் தொழில்தான் பிள்ளைக்கு, ஆகவே திருடன் பிள்ளையும் திருடன். அதற்கு அறிவியல் சாயம் வேறு பூசினார்கள். ரிஸ்லி என்கிற அதிகாரி, மூக்கு அகலமானால் கீழ்ச்சாதி, ஒடுங்கினால் மேல்சாதி என்று கணக்குப் போட்டார். எழும்பூர் மியூசியத்தை நடத்திய எட்கர் தர்ஸ்டன் அளவுக் கருவிகளோடு ஊர் ஊராகப் போய் மண்டையையும் மூக்கையும் அளந்தார். போலீஸ்காரர்களுக்கும் ஆளை அளக்கச் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் படித்தவர்கள்!

1911-ல் சட்டத்தைத் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். அப்புறம் நம் பக்கம், பிறமலைக் கள்ளர் மேல் வந்தது. களவு செய்தவனா என்று யாரையும் கேட்கவில்லை, பிறந்த சாதி போதும். பெருங்காமநல்லூரை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நினைவுத்தூணுக்கு மாலை போட என்னோடு வந்தவன் நீ. 1920 ஏப்ரல் 3, கைரேகை வைக்க மாட்டோம் என்றதற்கு, மாயக்காள் உட்பட 16 பேரைப் போலீஸ் கொன்றது.

சீயான், அதான் உன் தாத்தா, பிறந்த ராத்திரி, பூட்டன் சாவடியில் படுத்திருந்தார். அந்தச் சட்டப்படி ஆஜர் சொல்லிவிட்டு விடியும்வரை அங்கேயேதான் கிடக்க வேண்டும். பிள்ளை பிறந்த சேதி வந்தும் விடவில்லை. விடிந்து, பேர் கூப்பிட்ட பிறகுதான் வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினார். பக்கத்து ஊர்ச் சம்பந்தி வீட்டுக்குப் போவதானாலும் ராத்திரிச் சீட்டு என்கிற அனுமதி வேண்டும். 1947-ல் சட்டம் போனபோது சீயானுக்கு மீசை அரும்பியிருந்தது. கடைசிவரை காக்கிச் சட்டையைக் கண்டால் துண்டு அவர் தோளிலிருந்து தானாக இறங்கிவிடும். நீயும் பார்த்திருக்கிறாய்.

ரத்தத்தில் திருட்டு ஓடுகிறது என்று வெள்ளைக்காரன் சொன்னது பொய் என்றால், ரத்தத்தில் வீரம் ஓடுகிறது என்று நீ போடுவது மட்டும் எப்படி நிஜமாகும்? எனக்குப் பதில் சொல்லு. பெருங்காமநல்லூரில் நின்றவர்கள் எதிர்த்தது எதை? அந்தக் கணக்கைத்தானே? அதையே எடுத்து இன்னொரு வீட்டுப் பையனை அளக்கிறாயே, அவன் மூக்குக்கு எத்தனை மார்க் போட்டாய்? கோபப்படாதே. சாப்பிட்டுவிட்டு, நிதானமாக யோசித்துப் பார்.

நீ கெட்டிக்காரன், உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் முப்பது வருஷம் கள்ளர் பள்ளியில் சாக்பீஸ் பிடித்த கை, சும்மா இருக்காது. அந்த ஸ்டேட்டஸை மட்டும் எடுத்துவிடு.

அப்புறம், சின்னவளுக்கு ஆறு முடிந்து ஏழாம் மாசம். தை பிறந்ததும் வளைகாப்பு, நம் வீட்டில்தான். உன் போனை அவள் எதிர்பார்க்கிறாள் என்று எழுதினால் என்னைத் திட்டுவாள், அதனால் எழுதவில்லை. முதல் பிள்ளைக்குத் தாய்மாமன் நீ ஒருத்தன்தான். காது குத்த மடி வேண்டும், அதற்கு நான் யாரைப் போய்க் கேட்பேன்? டிக்கெட் போட்டால் அம்மாவிடம் சொல்லு. என்னிடம் சொல்ல வேண்டாம், சரியா.

அப்பா